சாட்டிக் கிணறும் காலநிலைக் கொள்கையும்

கதையும் கவிதையுமே விமர்சனத்துக்குரியவை என்று எண்ணுவது நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அரசாங்கங்கள் வெளியிடும் கொள்கை அறிக்கையும் மனிதர் எழுதிய ஓர் எழுத்துத்தான். அதற்கும் ஒரு நோக்கு உண்டு, சார்பு உண்டு. அது யாரை முன்னிறுத்துகிறது, யாரை மறைக்கிறது என்று கேட்க வாசகனுக்கு உரிமையும் உண்டு. புவி வெப்பமடைதல் பற்றி இன்று குவிந்து கிடக்கும் கொள்கைப் பத்திரங்களை அந்த உரிமையோடு நாம் படித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவற்றைப் படிப்பதற்குரிய இடமாக வேலணைத் தீவின் சாட்டியைத் தேர்ந்துகொள்கிறோம்.

சாட்டியை வெளியூரார் வெண்மணற் கடற்கரையாக அறிவர். சிந்தாத்திரை மாதா திருத்தலமாக அறிவோரும் உளர். தீவக மக்களுக்கோ அது முதலில் நல்ல தண்ணீரின் பெயர். ஆறென்று ஒன்றில்லாத, குளங்களும் கோடையில் வற்றிப்போகின்ற இத்தீவுகளில், மாரி மழையை மணல் தன்னுள் வாங்கிச் சேமித்து வைப்பதே குடிநீர். சாட்டி மணலின் கீழுள்ள நன்னீர் அயலிலுள்ள பகுதிகளுக்கும் எடுத்துச் செல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே, உலகம் வெப்பமடைந்தால் நாம் எதை இழப்போம் என்ற கேள்விக்கு இங்கே ஒரு கிணற்றைக் காட்டி விடை சொல்லலாம்.

முதலிற் சான்றுகளைப் பார்ப்போம். “வெப்பநிலை எக்காலத்திலும் ஏறியிறங்கியே வந்திருக்கிறது, இதில் மனிதனின் பங்கு என்ன?” என்று கேட்போர் படித்தவர்களிடையேயும் இருக்கின்றனர். கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் கிடைத்துவிட்டது.

காபனீரொட்சைட்டு நிறைந்த காற்று கூடிய வெப்பத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதை அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபூட் 1856இல் பரிசோதனை மூலம் எடுத்துக் காட்டினார். மூன்று ஆண்டுகளின் பின் ஜோன் டின்டால் அதனை ஆய்வுகூடத்தில் நுணுக்கமாக அளந்தார். நிலக்கரியை எரிப்பதால் உலகின் வெப்பநிலை எவ்வளவு உயரக்கூடும் என்று சுவீடன் தேசத்து அரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டார். 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறக்குறைய 315 பங்கு காபனீரொட்சைட்டாக இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

அது நாம் எரித்ததன் விளைவே என்பதற்கும், வெப்பம் அதனால்தான் ஏறுகிறது என்பதற்கும் தனித்தனியே தடயங்கள் உண்டு. நிலக்கரியிலும் பெற்றோலியத்திலும் உள்ள காபனின் அணுக்கலவை வேறானது. அந்தக் கலவையே காற்றிற் கூடிவருகிறது. சூரியனே காரணமாயின் வளிமண்டலத்தின் கீழ்ப்படையும் மேற்படையும் ஒருங்கே சூடேறவேண்டும். அளவீடுகளோ கீழ்ப்படை சூடேற மேற்படை குளிர்வதையே காட்டுகின்றன. வெப்பம் வெளியேறாமல் கீழே தடுக்கப்படுகிறது என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. மனிதச் செயலே புவியை வெப்பமாக்கியது என்பது ஐயத்துக்கிடமற்றது என்று காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் எழுதியது. 1850 முதல் 1900 வரையிலான காலத்தோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டு ஏறக்குறைய 1.1 பாகை செல்சியசு கூடுதலாக வெப்பமுற்றிருந்தது. 2024ஆம் ஆண்டுக்கு உலக வளிமண்டலவியல் நிறுவனம் கூறிய அளவு 1.55 பாகை. ஓராண்டுக் கணக்கை வைத்து முடிவு கட்டுதல் தவறு. ஆயினும் நாம் போகும் திசையில் மயக்கமில்லை. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது.

இருபது சென்ரிமீற்றர் ஒரு சாண் அளவுதானே என்று தோன்றலாம். சாட்டி மணலின் கீழே நடப்பதை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

கடலாற் சூழப்பட்ட மணலிலும் சுண்ணக்கல்லிலும் மழைநீர் இறங்கும்போது, அது அடியிலுள்ள உப்புநீரோடு உடனே கலந்துவிடுவதில்லை. உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. ஆதலின் நன்னீர் ஒரு வில்லையைப்போல் உப்புநீரின் மேலே மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் தங்கியிருக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஐரோப்பியக் கரையோரங்களிற் கண்டறியப்பட்ட விதி. இதனைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போய்விடும். கடல் உயர உயர, தாழ்ந்த நிலத்தில் நன்னீர் அதற்கு ஈடாக மேலெழ இடமில்லை. வில்லை மெலிகிறது. கரை அரிக்கப்பட்டால் அதன் அகலமும் சுருங்குகிறது. மழை சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்தால், அது நிலத்துள் இறங்குமுன் கடலுக்கு ஓடிவிடுகிறது. ஆகவே கடலலை வந்து கிணற்றை மூடவேண்டியதில்லை. அலை எட்டாத தூரத்திலுள்ள கிணறும் அடியிலிருந்து உவர்த்துவிடும்.

இவ்விடத்தில் நாம் நேர்மையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீவகத்துக் கிணறுகள் உவர்ப்பதற்கெல்லாம் புவி வெப்பமே காரணம் என்று கூறுவது உண்மையைப் பாதி மறைப்பதாகும். மண்கும்பான் தொடக்கம் சாட்டி வரையிலான மணல், மழைநீரைத் தாங்கி நின்ற மணல். கட்டடங்களுக்காக அதனை உழவு இயந்திரங்களிலும் லொறிகளிலும் அள்ளிச் சென்றது கடலன்று. மனிதன், அதுவும் இலாபத்தின் பொருட்டு. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு ஓய்வு இருந்தது. இயந்திரம் பூட்டி அளவின்றி இறைக்கும்போது அந்த ஓய்வு அதற்கு இல்லை. “எல்லாம் காலநிலை மாற்றம்” என்ற வாசகம் இன்று மணல் வியாபாரிக்கும் வசதியானது. கடமையைச் செய்யாத அதிகாரிக்கும் வசதியானது. முன்பு விதியின் மேற் சுமத்திய பழியை இப்போது வானத்தின் மேற் சுமத்துகிறார்கள். புவி வெப்பமடைவதை மறுப்பவரை எவ்வளவு உறுதியாக எதிர்க்கிறோமோ, அதனைத் திரையாகப் பயன்படுத்துவோரையும் அவ்வளவு உறுதியாக எதிர்க்க வேண்டும். கடல் உயர்கின்ற காலத்திலேதான் எஞ்சியுள்ள மணலைக் காப்பது முன்னிலும் அவசியமாகிறது.

இனிக் கொள்கைகளுக்கு வருவோம். 1992இல் றியோவில் உருவான காலநிலைச் சமவாயம் ஒரு நல்ல கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது: பொறுப்பு அனைவருக்கும் பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது. நூற்றாண்டுக் கணக்கில் நிலக்கரி எரித்துச் செல்வம் சேர்த்த நாடும், அச்செல்வத்துக்குத் தேயிலையும் இறப்பரும் கொடுத்த நாடும் ஒரே கணக்கில் நிற்கமுடியாது என்பதே அதன் உட்பொருள். சராசரிக் கனேடியர் ஒருவர் ஆண்டொன்றில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு, இலங்கையர் ஒருவருடையதைப்போற் பத்து மடங்குக்கும் அதிகம். யுத்தத்தால் பெயர்க்கப்பட்டு ரொறன்ரோவில் வாழும் நமது உறவினரும் அக்கணக்கில் அடங்குவர். அவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அதே மனிதர் வேலணையில் இருந்தபோது இத்தனை எரிக்கவில்லை என்பதே, குற்றம் மனித இயல்பில் இல்லை, பொருளாதார அமைப்பிலேயே இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

அந்தக் கோட்பாட்டின் கதி என்ன? 2024 நவம்பரில் பாக்கு மாநாட்டில் வளர்முக நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டொலர் தேவை என்றன. செல்வந்த நாடுகள் முன்னின்று 2035 அளவில் ஆண்டுக்கு 30,000 கோடி டொலர் திரட்டுவதென முடிவாயிற்று. அதிலும் நன்கொடை எவ்வளவு, வட்டிக்கடன் எவ்வளவு என்பது வரையறுக்கப்படவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்த நமது நாடு, அதே ஆண்டு நவம்பரில் எகிப்திய மாநாட்டில் ‘காலநிலைச் சுபீட்சத் திட்டம்’ ஒன்றை வெளியிட்டது. கடன்காரனிடமே மீண்டும் கடன் வாங்கித்தான் கடலைத் தடுக்கவேண்டுமெனில், அந்தச் சுபீட்சம் யாருக்குரியது?

தமிழ் கற்பிக்கும் நமக்கு இப்பத்திரங்களின் நடையிலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ‘பாதிப்புக்குள்ளாகக்கூடிய சமூகங்கள்’, ‘பயனாளிகள்’, ‘பங்குதாரர்கள்’ என்ற சொற்கள் பக்கந்தோறும் வருகின்றன. மக்கள் எங்கும் எழுவாயாக நிற்பதில்லை. அவர்களுக்கு ஏதோ செய்யப்படுகிறது. அவர்கள் எதையும் செய்வதாக இல்லை. இது வெறும் இலக்கண விடயமன்று என்பதற்குத் தீவகத்திலேயே உதாரணம் உண்டு.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை நாட்டின் மின்வலையோடு இணையாதவை. டீசல் இயந்திரத்தால் மின்சாரம் பெற்று வந்தவை. காற்றும் வெயிலும் குறைவின்றிக் கிடைக்கும் இடத்தில் படகிலே டீசல் ஏற்றிச் செல்வதன் பொருத்தமின்மை சிறுபிள்ளைக்கும் விளங்கும். 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியோடு, சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் ஒரு சீனக் கம்பனிக்கு வழங்கப்பட்டது. தன் கரைக்கு அருகே சீனர் வருவதா என்று இந்தியா ஆட்சேபித்தது. 2021 டிசம்பரில் சீனத் தரப்பு பணி இடைநிறுத்தப்பட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை ஏற்பட்டது. 2024 மார்ச்சில், ஏறக்குறைய 1.1 கோடி டொலர் இந்திய நன்கொடையில், பெங்களூர்க் கம்பனியொன்றோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மூன்றாண்டுக்கு மேற்பட்ட இந்தச் சரித்திரத்தில் பீஜிங் பேசியது; புதுடில்லி பேசியது; கொழும்பு இரு பக்கமும் தலையசைத்தது. நெடுந்தீவார் என்ன கருதினர் என்பது எந்தக் கட்டத்திலும் முடிவைத் தீர்மானிக்கவில்லை. காற்றாடியை நாம் வரவேற்கிறோம். ஆனால் தீவு மக்களின் வாழ்விடம் வல்லரசுகளின் சதுரங்கப் பலகையாவதை வரவேற்க முடியாது.

தண்ணீர் விடயத்திலும் இவ்வாறே. தாளையடியில் 2024 ஓகஸ்டில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. தாகத்தோடு இருப்பவருக்கு அது உதவி, அதனை இகழோம். எனினும் கடலை நன்னீராக்க மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்தின் ஒரு பகுதி நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துப் பெறப்படுகிறது. மழை இலவசமாகத் தந்து மணல் இலவசமாகக் காத்த தண்ணீரைக் கெடவிட்டு, அதற்குப் பதிலாக விலை கொடுத்துப் பெறும் தண்ணீரை முன்னேற்றமென்று கொண்டாடுவது எத்தகைய கணக்கு?

விலை என்றதும் நமது சமூகத்தின் உட்பகை நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர் எக்காலத்திலும் எல்லாருக்கும் சமமாக இருந்ததில்லை. கிணற்றடியில் நின்று, யாரேனும் அள்ளி ஊற்றுவாரா என்று குடத்தோடு காத்திருந்தவர் யார் என்பதை நாம் அறிவோம். 1986இல் மறைந்த கே. டானியல், அந்த வரலாற்றையே தமது ‘தண்ணீர்’ நாவலுக்குப் பொருளாக்கினார். அதனைப் பழங்கதையென்று ஒதுக்கிவிடலாகாது. நன்னீர் குறையும்போது இருக்கின்ற நன்னீர் யாருடைய வேலிக்குள் இருக்கிறது என்ற கேள்வி மீண்டும் எழும். வசதியுள்ளவர் ஆழக் குழாய் இறக்குவார். போத்தல் தண்ணீர் வாங்குவார். நிலமற்றவர் பவுசரின் பின்னால் வரிசையில் நிற்பார். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலில் இந்நாட்டில் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். தனியொரு புயலுக்குத் தனியொரு காரணம் கூறுவது விஞ்ஞானமாகாது. ஆனால் மலைச்சரிவில், பழைய லயன் காம்பிராவில் தோட்டத் தொழிலாளியைக் குடிவைத்தது புயலன்று என்பதைக் கூற விஞ்ஞானம் தேவையில்லை.

நம் இலக்கியத்தின் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973இல் வெளிவந்தபோது, நெடுந்தீவுக் கரையின் காற்றும் பருவமும் மீனவர் வாழ்வும் அதில் ஒன்றாய் இணைந்திருந்ததைப் பாராட்டினோம். வாடை இன்ன காலத்தில் வரும், சோழகம் இன்ன காலத்தில் எழும் என்ற நிச்சயத்தின் மேலேதான் மீனவனும் விவசாயியும் வாழ்வை அமைத்தார்கள். அந்த நிச்சயம் தளர்கின்ற காலத்தில் மண்வாசனை பேசும் நாம் என்ன எழுதுகிறோம்? தாயகத்தின் அழகை ஏக்கத்தோடு வருணிக்கும் எழுத்துக்குக் குறைவில்லை. கிணறு உவர்த்ததால் ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் கதை அரிதாகவே கண்ணிற் படுகிறது.

முற்போக்காளராகிய நாமும் சுயவிமர்சனத்துக்கு விலக்கல்லர். இயற்கையை மனிதன் வெல்வான் என்று மகிழ்ந்து பாடிய காலம் ஒன்றிருந்தது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பிய சோவியத் திட்டங்களால் 1960 முதல் ஆரல் கடல் சுருங்கத் தொடங்கி, ஏறக்குறைய அரைநூற்றாண்டில் பத்தில் ஒரு பங்கானது. அதன் கரைகளில் மீனவர் தொழிலிழந்தனர். உற்பத்திக் கணக்கில் மனிதனையும் மண்ணையும் மறந்தால் விளைவு எக்கொடியின் கீழும் ஒன்றே. இதனை ஒப்புக்கொண்டால்தான் நமது விமர்சனத்துக்கு வலு உண்டு.

ஆகவே நாம் கேட்பவை பெரிய தத்துவங்கள் அல்ல. தீவகத்துக் கிணறுகளின் உவரளவு மாதந்தோறும் அளக்கப்பட்டு ஊரறியப் பலகையில் எழுதப்படவேண்டும். மணல் அகழ்வது உண்மையாகவே தடுக்கப்படவேண்டும். குளங்களும் கேணிகளும் தூர்வாரப்பட்டு மாரி நீர் நிலத்துள் இறங்க வழி செய்யவேண்டும். மின்திட்டமாயினும் குடிநீர்த் திட்டமாயினும், அதன்கீழ் வாழப்போகிறவர் கூடிய கூட்டத்தில் முடிவாகவேண்டும். உலக மன்றங்களில் நட்டஈடு கேட்கும் அரசு, அது கிடைத்தால் எந்தக் கிணற்றுக்குப் போகும் என்பதையும் சொல்லவேண்டும்.

உவரை அளக்கும் வேலைக்கு நமது பாடசாலைகளே தொடக்கமாகலாம். உவரளக்கும் சிறு கருவி ஒன்றும் ஒரு கொப்பியும் போதும். வாடை தொடங்கி வாடை வரை ஓராண்டு அளந்து எழுதிய பிள்ளைகள், புவி வெப்பமடைகிறதா என்ற விவாதத்தில் பிறர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கமாட்டார்கள். கொள்கைப் பத்திரத்தைக் கையில் எடுத்து, “இதிலே எங்கள் கிணறு எங்கே?” என்று கேட்பார்கள். ஆசிரியர்களாகிய நாம் அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்பிப்போமாக.