ஆதர்வேர்: பாடம் எழுதும் கருவி ஒரு மதிப்பீடு

ஆதர்வேர் என்பது கணினிவழிப் பாடங்களை உருவாக்கப் பயன்பட்ட ஒரு பல்லூடக மென்பொருள் ஆகும். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியரும் இதைக் கொண்டு பாடம் அமைக்கலாம் என்று சொல்லப்பட்டது. அது எந்த அளவுக்கு உண்மையாயிற்று என்பதே இதன் வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

இதன் முன்னோடி, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960 இல் டொனால்ட் பிட்சர் தொடங்கிய பிளேட்டோ என்னும் கணினிவழிக் கல்வித் திட்டம். பின்னர் அதைக் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அங்குப் பணியாற்றிய மைக்கேல் ஆலன், 1980களில் வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கி உருவாக்கியதே ஆதர்வேர். பிளேட்டோவில் பாடம் எழுத டியூட்டர் என்ற நிரல்மொழியைக் கற்க வேண்டியிருந்தது. ஆதர்வேரிலோ, திரையில் உள்ள ஒரு கோட்டின்மீது சின்னங்களை இழுத்து வைத்தால் போதும். படம் காட்ட ஒன்று, ஒலிக்கு ஒன்று, காத்திருக்க ஒன்று. பாய்வுப்படம் வரையத் தெரிந்தவருக்குப் பாடத்தின் போக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

இவற்றுள் சிறந்தது, மாணவரின் விடையைப் பெறும் சின்னம். எதிர்பார்க்கும் ஒவ்வொரு விடைக்கும் தனிக் கிளை அமைக்கலாம். சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோள் எது என்ற வினாவுக்கு ஒரு மாணவர் 'வெள்ளி' என்று எழுதினால், "அது இரண்டாவது கோள், அதற்கும் முன்னால் ஒன்று உண்டு" என்று சொல்லி மறுபடியும் கேட்கலாம். 'நிலா' என்று எழுதியவருக்கு வேறு விளக்கம் தரலாம். எதிலும் சேராத விடைகளுக்குப் பொதுவான ஒரு கிளை போதும். மூன்று முயற்சிக்குப் பின் விடையைச் சொல்லிவிடவும் வழியுண்டு. மாணவர் எங்கே தவறுவார் என்பதை ஆசிரியர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவர்களுக்கு அது கைவந்த வேலைதான்.

ஆனால் அந்த ஆசிரியர்களிடம் இக்கருவி போய்ச் சேரவில்லை. விலை பல ஆயிரம் டாலர். பெரிய நிறுவனங்களின் பயிற்சித் துறைகளே இதை வாங்கிப் பயன்படுத்தின. பின்னர் முன், பின் பொத்தான்களோடு ஆயத்தமாக வந்த பக்க அமைப்பு, யோசிக்காமல் பக்கம் புரட்டும் பாடங்களுக்கும் வழிவிட்டது. குறை கருவியுடையது மட்டுமன்று. தவறான விடைக்குக் கிளை எழுத நேரம் பிடிக்கும், பக்கம் அடுக்க நேரம் பிடிக்காது.

1992 இல் மேக்ரோமைண்ட்-பாராகாம்ப் நிறுவனத்தோடு இணைந்து மேக்ரோமீடியா உருவானது. இணையம் பரவியபோது, உலாவியில் ஆதர்வேர் பாடத்தைப் பார்க்கத் தனிச் செருகுநிரல் நிறுவ வேண்டியிருந்தது. அதே நிறுவனத்தின் ஃபிளாஷ் இதை முந்திச் சென்றது. ஏழாம் பதிப்பு 2003 இல் வெளிவந்தது. 2005 இல் மேக்ரோமீடியாவை அடோபி வாங்கியது. 2007 இல் ஆதர்வேரின் வளர்ச்சிப் பணி நிறுத்தப்பட்டது.

ஒரு நூல் அச்சில் இல்லாமல் போனாலும் நூலகப் படியைப் படிக்கலாம். ஆதர்வேர் பாடத்தின் மூலக்கோப்பைத் திருத்தவோ அதே மென்பொருள் வேண்டும். மாணவரின் பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து எழுதிய கிளைகள் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே தங்கிவிட்டன. அடோபி தொடர்ந்து வளர்த்த கேப்டிவேட், திரையில் நடப்பதைப் பதிவுசெய்யும் கருவியாகத் தொடங்கியது. அதில் பாடம் சில்லுகளாக அடுக்கப்படும், பாய்வுக்கோடு இல்லை.