கலை அடுக்கும் கல்வெட்டுத் தொகுதியும்: கலை வரலாற்று ஆய்வில் கல்லூரி நூலகப் பயன்பாடு

டூயி தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றும் கல்லூரி நூலகங்கள் கலை நூல்களை 700 வரிசையிலும் இந்திய வரலாற்று நூல்களை 954 வரிசையிலும் வைக்கின்றன. நூல்களை ஒழுங்குபடுத்த உதவும் இப்பகுப்பு, கலை வரலாற்று ஆய்வாளரின் தேடலுக்கே எல்லையாகிவிடுவது சிக்கலாகும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் செப்புத் திருமேனிகள் இதற்குத் தக்க சான்று. முதலாம் இராசராசன் காலத்தில் அளிக்கப்பட்ட திருமேனிகளின் உயரம் முழம், விரல் கணக்கிலும், கைகளின் எண்ணிக்கை, பீடத்தின் அளவு ஆகியவற்றோடும் கோயிற் கல்வெட்டுகளில் பதிவாகியுள்ளது. இக்கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அச்சேறியுள்ளன. அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை. எனவே, கலை அடுக்கிலுள்ள படத்தொகுப்புகளை மட்டும் கொண்டு எழுதப்படும் ஆய்வேடு, எஞ்சியவற்றையே சோழர் வார்ப்புக்கலையின் முழுமையாகக் கருதும் பிழைக்கு இடந்தருகிறது.

நூலின் வெளியீட்டு ஆண்டும் கருதத்தக்கது. அக்கோயிலில் நாயக்கர் கால ஓவியப் படலத்தின் அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அதற்கு முந்திய நூல்களில் அவை இடம்பெறாமை அந்நூலாசிரியர்தம் குறையன்று. ஆண்டு நோக்காது அந்நூல்களை முடிந்த முடிபாக மேற்கோள் காட்டுவதே குறை.

நூலகத்தில் சான்று இல்லை என்று முறையிடுமுன், அது வேறோர் அடுக்கில் உள்ளதா என நோக்குதல் ஆய்வாளரின் கடனாகும்.