கசக்கக் கூடாத கந்தை

கந்தையைக்கூடக் கசக்கிக் கட்டச் சொல்கிற ஊரில் வளர்ந்தவள் நான். இப்போது என்னிடம் ஒரு கந்தை இருக்கிறது. அதைக் கசக்கவே கூடாது. உதறக் கூடாது, பிழியக் கூடாது, கொடியில் போடவும் கூடாது. நாலரை மாதம் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணப் புடவை எடுத்த அன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை!

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். வீட்டைக் காலிசெய்த நாளில், வீட்டுக்கார அம்மாள் (மாஷிமா என்றுதான் கூப்பிடுவேன்) ஒரு மூட்டையைக் கையில் திணித்தார். பிரிவினையின்போது அவருடைய பாட்டி ஜெசோரிலிருந்து தூக்கிவந்த காந்தா விரிப்பு. “என் பெண்கள் இதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், நீ வைத்துக்கொள் மா” என்றார். நடுவில் தாமரை. நாலு மூலையிலும் மாங்காய். அங்கே கல்கா என்பார்கள். ஒரு பல்லக்கு, இரண்டு மீன், ஒரு யானை. அந்த யானைக்கு ஐந்து கால்! தும்பிக்கையை எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணிப் பார்த்தேன். இல்லை, தும்பிக்கை தனியாகத்தான் இருக்கிறது. தாமரைக்குப் பக்கத்தில் ஒரு சாண் கிழிசல், ஒரு ஓரம் முழுக்க எலி கடித்தது.

வடமொழி ‘கந்தா’தான் வங்காளத்தில் காந்தா, நம்மிடம் கந்தை. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே நூல் உருவி, பெரும்பாலும் வெறும் ஓட்டுத்தையலில் தைத்தது. நாம் பள்ளிக்கூடத்தில் கைக்குட்டையில் போட்டோமே, அதே தையல்! வெள்ளைத் துணியில் வெள்ளை நூலை நெருக்கி ஓட்டும்போது துணி சுருங்கிக் குளத்தில் காற்றடித்த மாதிரி அலை எழும்புகிறது. கொல்கத்தாவை ஒட்டிய ஜோகாவில், குருசதய் தத் அருங்காட்சியகத்தில் மானதாசுந்தரி தாசி தன் அப்பாவுக்காகத் தைத்த காந்தாவைப் பார்த்திருக்கிறேன். ஊசியாலேயே தன் பெயரை எழுதிவைத்த பெண். என்னுடையதில் பெயர் இல்லை.

முதலில் நான் செய்த அக்கிரமத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழிசலின் ஒரு முனையைக் கெட்டியான பாலியெஸ்டர் நூலால் இறுக்கித் தைத்தேன். ரொம்பப் பெருமை வேறு. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் நூல் கம்பி மாதிரி அப்படியே நிற்கிறது, சுற்றியிருந்த துணி அறுந்து போயிருக்கிறது. பழந்துணிகளைப் பேணுகிற வேலை பார்த்த ஒரு தோழி தலையில் அடித்துக்கொண்டாள். “நூல் துணியைவிட நோஞ்சானாக இருக்கணும்டி. இழுபட்டால் நூல் அறுந்து துணி பிழைக்கணும்.”

இந்த ஒரு வரியில்தான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

துவைக்கலாமா என்று முதலில் சோதனை. ஈரப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து நிமிடம் அழுத்திவைத்தேன். நீலமும் கறுப்பும் சமர்த்தாக இருந்தன. சிவப்பு, பஞ்சை ரோஜா நிறமாக்கியது. சரி, தண்ணீரே கிடையாது. வாக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலைத் துண்டைக் கட்டி, மிகக் குறைந்த வேகத்தில், துணியைத் தேய்க்காமல் தூசியை மட்டும் உறிஞ்சினேன்.

ஒட்டுப் போடப் புதுத்துணி ஆகாது, அது விறைப்பு. அப்பாவின் பழைய எட்டுமுழ வேட்டி கிடைத்தது. பதினைந்து வருஷத் துவையலில் கஞ்சியின் சுவடே இல்லாமல் பூவாக இருந்தது. பழந்துணியோடு நிறம் சேரப் பழுப்பேற்ற டீத்தண்ணீரில் நனைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். டீயின் டானின் நாளடைவில் துணியை அரிக்கும். கிழிசலுக்குள் வேட்டித் துண்டைச் செருகப் போனபோது உள்ளே தெரிந்தது இன்னொரு புடவை! அகலச் சிவப்புக் கரை, தைத்து மூடியதிலிருந்து வெயிலே பார்க்காததால் நேற்று வாங்கிய மாதிரி பளபளத்தது. எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு பன்னிரண்டாம் நம்பர் ஊசி, ஒற்றை இழைப் பருத்தி நூல். முடிச்சு கிடையாது. இழையைக் குத்திக் கிழிக்காமல் பாவுக்கும் ஊடைக்கும் நடுவே நுழைக்க வேண்டும். அதைவிடச் சுகம், பழைய தையல் உதிர்ந்த இடத்தில் பழைய துளைகளே இருக்கின்றன. அன்று இதைத் தைத்தவள் குத்திய அதே துளைக்குள் என் ஊசி! ஓரிடத்தில் தையல் அரிசி அரிசியாக நெருங்கி வருகிறது, திடீரென்று நாலு தையல் தாவித் தாவி ஓடுகிறது. அடுப்பில் பால் பொங்கியிருக்குமோ? யாரேனும் கூப்பிட்டிருப்பார்களோ? நான் அந்த நாலையும் தாவலாகவே போட்டேன். நாளுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் கண் ஒத்துழைக்காது. எலி கடித்த ஓரத்தை வெட்டவில்லை, மெல்லிய நெட் துணியால் மேலே மூடி, சேதமில்லாத பகுதி வரை கொண்டுபோய்ப் பிடித்தேன்.

“அந்த அஞ்சாவது காலைப் பிரிச்சுடேன்டி” என்றாள் அம்மா. மாட்டவே மாட்டேன்!

இப்போது அதை மல் துணியில் சுருட்டி வைத்திருக்கிறேன், மடிக்கவில்லை. மடித்தால் மடிப்பிலேயே இற்றுவிடும். உங்கள் பரணிலும் பாட்டி தைத்த போர்வை ஏதாவது கிடக்கும். தயவுசெய்து வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதீர்கள். சிவப்பு நூல் இருந்தால் முதலில் ஈரப் பஞ்சு.