நம்பர் சொன்னால் நூல் வரும்

அருப்புக்கோட்டைத் தறிக்காரர் ‘நாற்பதாம் நம்பர்’ கேட்டால், அதை நூற்ற மில் எந்த ஊர் என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். பஞ்சு வேறு, மெஷின் வேறு, முதலாளி வேறு. கைமாறும் இடத்தில் மட்டும் பேச்சு ஒன்று. நிறுவன மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைப்பதில் முப்பது ஆண்டுக்கும் மேலாக நடக்கும் சண்டையும் இதுதான்: எதைப் பொதுவாக வைப்பது, எதை அவரவர் இஷ்டத்துக்கு விடுவது?

மூத்த பள்ளி, 1991-இல் வந்த கோர்பா. தூரத்துக் கணினியில் உள்ள நிரலை வீட்டு ஆளைப் போலப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பது அதன் ஆசை. கூப்பிடலாம்தான், ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவது என்ற ஒரே பட்டியல் இரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

அடுத்தது சோப். எக்ஸ்எம்எல் உறைக்குள் செய்தியை வைத்து, பெரும்பாலும் வலையின் எச்டிடிபி வழியே அனுப்பும் முறை. இதன் 1.2 பதிப்பு 2003-இல் வலைத் தரமானது. பாதுகாப்புக்கு ஒரு தரம், முகவரிக்கு ஒரு தரம் என்று உறைமேல் உறை ஏறியது. வலை அதற்கு வெறும் தபால் வண்டி.

அந்த வண்டியிலேயே எல்லாம் இருக்கிறது என்றவர் ராய் ஃபீல்டிங். எச்டிடிபி 1.1 தரத்தை எழுதியவர்களில் ஒருவர். 2000-இல் தந்த ஆய்வேட்டில் அந்த வழிக்கு ரெஸ்ட் என்ற பெயரை வைத்தார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி. வினைச்சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்: கெட், போஸ்ட், புட், டெலீட். கெட் எத்தனை முறை கேட்டாலும் கணக்கு மாறக்கூடாது. புட்டும் டெலீட்டும் இரண்டாம் முறை போனாலும் பலன் ஒன்றே.

நம் ஊருக்கு வருவோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய மில், இன்னொரு வியாபாரிக்கு நூல் விற்றால், 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். பில் ஜேசான் வடிவில் அரசுத் தளத்துக்குப் போய், 64 எழுத்து எண்ணும் க்யூஆர் குறியுமாகத் திரும்பும். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கிலிருந்தே அந்த எண் பிறக்கிறது. எனவே நெட் அறுந்து அதே பில்லை மறுபடி அனுப்பினால் புது எண் பிறக்காது. ஏற்கெனவே பதிவானது என்று பதில் வரும். லாரி வாசலில் நிற்கும் நேரத்தில் இந்த ஒரு குணம் போதும்.

அந்தத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் பில்லை ரத்து செய்யலாம். அதற்கும் போஸ்ட்தான், டெலீட் இல்லை. சுத்த ரெஸ்ட்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு இது சரியாகவே படுகிறது. நம் கணக்குப்பிள்ளை தப்பான வரியைச் சிவப்பு மையில் அடிப்பாரே தவிர, பேரேட்டுத் தாளைக் கிழிப்பாரா?

திருச்சுழிக் கடைத்தெருவில் பூக்காரம்மாவின் க்யூஆர் அட்டையை எந்த வங்கியில் கணக்கு வைத்திருப்பவரும் ஸ்கேன் செய்கிறார். 2016-இல் வந்த யுபிஐ-யின் செய்திகள் எக்ஸ்எம்எல்லில்தான் ஓடுகின்றன. அதை ரெஸ்ட் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். எல்லா வங்கியும் ஒரே பேச்சைப் பேசுவதால் பூ விற்கிறது.

மில்லுக்கு மென்பொருள் விற்க வருபவர் ‘எங்களது ரெஸ்ட்’ என்று ஆரம்பித்தால், சோதனைத் தளத்தில் ஒரு பில்லை அனுப்பச் சொல்லுங்கள். பாதியில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். திரும்பச் சொருகி, அதே பில்லை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.