'குறைந்தபட்சம்' என்னும் சொல்: மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியமும் பொதுவிவாதமும்

நலத்திட்டச் செலவு குறித்த தமிழக விவாதம் 'இலவசம்' என்ற சொல்லை விட்டு விலகுவதில்லை. சுப்பிரமணியம் பாலாஜி வழக்கின் தீர்ப்பு வெளிவந்த 2013ஆம் ஆண்டிலும், இலவசங்கள் பற்றிய சர்ச்சை நாடெங்கும் எழுந்த 2022ஆம் ஆண்டிலும் எதிர்த்தோர் செலவைக் கணக்கிட்டனர்; ஆதரித்தோர் பயனாளிகளை எண்ணினர். இரு கணக்குமே கொடுப்பவரின் பக்கமிருந்து எழுந்தவை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓய்வூதியமும் இதே கணக்கில் சேர்க்கப்படும்போது, சட்டத்தின் ஒரு சொல் கவனிக்கப்படாமல் போகிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், பிரிவு 24(1)இல், அரசு தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டுத் திட்டங்களை வகுக்க வேண்டும் என்கிறது. நிதியமைச்சர்களுக்கு உவப்பான வாசகம் இது. ஆயின் அதனை அடுத்துவரும் காப்புரை, பிறருக்கான ஒத்த திட்டங்களைவிட உதவித்தொகை குறைந்தபட்சம் 25 விழுக்காடு கூடுதலாக இருத்தல் வேண்டும் என வரையறுக்கிறது.

இக்காப்புரை நடைமுறையில் பெற்ற பொருளை 2023ஆம் ஆண்டு காட்டுகிறது. அவ்வாண்டு சனவரியில் வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியம் ரூ.1,000இலிருந்து ரூ.1,500 ஆயிற்று. முதியோர் ஓய்வூதியம் அப்போது ரூ.1,000, வேறுபாடு 50 விழுக்காடு. ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் ரூ.1,200 ஆக உயர்ந்தது, மற்றது உயரவில்லை. ஒரு ரூபாயும் குறைக்கப்படாமலேயே வேறுபாடு மிகச் சரியாக 25 விழுக்காட்டில் வந்து நின்றது. சட்டம் மீறப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் சட்டம் இட்ட கீழெல்லை மேலெல்லையாக மாறிவிட்டது.

காப்புரையிலும் குறை உண்டு. அது பிறர் பெறும் தொகையை அளவுகோலாகக் கொள்கிறதேயன்றி, உடற்குறையால் நேரும் கூடுதல் செலவை அன்று. மதுரை மாவட்டம் பேரையூரில் வாழும் ஒருவர் ஓய்வூதியத்திற்கு உள்ளூர் வட்டாட்சியர் அலுவலகத்தையும், கடும் பாதிப்புடையோருக்கான ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகைக்கு மதுரையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தையும் நாட வேண்டியுள்ளது. உடன் செல்பவர் இழக்கும் ஒருநாள் கூலி எந்த விழுக்காட்டிலும் அடங்குவதில்லை. ஆந்திரம் 2024இல் ரூ.6,000 வழங்கத் தொடங்கியதைச் சுட்டித் தமிழகத்தில் எழும் கோரிக்கை நியாயமானது. எனினும் அண்டை மாநிலத்தோடு ஒப்பிடும் வாதத்திற்கு 'எங்கள் நிதிநிலை வேறு' என்ற விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. உண்மைச் செலவை முன்வைக்கும் வாதத்திற்கு அவ்விடை போதாது.

சொல்லாட்சியும் ஆராயத்தக்கது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர்க்கான ரூ.1,000 திட்டம் 'உரிமைத் தொகை' எனப் பெயர் பெற்றது. உரிமைகள் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இருக்கும் பிரிவினருக்கு வழங்கப்படுவதோ இன்றும் 'உதவித்தொகை'யே. 'ஊனமுற்றோர்' என்ற சொல் விலக்கப்பட்டு 'மாற்றுத்திறனாளிகள்' நிலைபெற்றபோது மனிதருக்கான பெயர் மாறிற்று. பணத்திற்கான பெயர் மாறவில்லை.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தங்கள் 2025 ஏப்ரலில் நிறைவேறின. பேரையூர் போன்ற பேரூராட்சிகளும் இவற்றின் வரம்புக்குள் வருகின்றன. தெருவிளக்கு, கழிப்பறை, சாய்தளம் பற்றி அவ்வுறுப்பினர் மன்றத்தில் பேசலாம். ஓய்வூதியத் தொகை அம்மன்றத்தின் பொருள்நிரலில் இடம்பெறுவதில்லை. அது சென்னையில் முடிவாகிறது.