‘பாதுகாப்பு’ யாருக்கு? செய்தித் தடமறிதல் விவாதமும் தமிழ்க் கலைச்சொற்களும்

கணினித் தொடர்பாடல் பற்றித் தமிழில் நிகழும் விவாதங்கள் பலவும் ‘பாதுகாப்பா, அந்தரங்கமா?’ என்னும் வினாவில் தொடங்கி அவ்வினாவிலேயே முடிகின்றன. வினாவின் அமைப்பே விடையை முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. நாட்டின் பாதுகாப்பு ஒரு தட்டிலும் தனியொருவரின் மறைப்பு மறுதட்டிலும் வைக்கப்படும்போது எத்தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை. இவ்வெதிர்நிலை தொழில்நுட்பத்தில் உள்ளதன்று. பெருமளவு சொற்களால் ஆக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் எழுந்த வாட்ஸ்அப் தடமறிதல் வழக்கு இதனை ஆராய ஏற்ற களமாக அமைகிறது.

வழக்கின் போக்கு

2018ஆம் ஆண்டு மே மாதம் குழந்தை கடத்தல் பற்றிய பொய்ச்செய்திகள் வாட்ஸ்அப் வழியாகத் தமிழகத்தின் வட மாவட்டங்களில் பரவின. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயில் வழிபாட்டுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் அவ்வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். தடமறிதலை வேண்டுவோர் கூற்றுக்குப் பின்னால் இத்தகைய இழப்புகள் உள்ளன; அவற்றை ஒதுக்கிவிட்டு இவ்விவாதத்தைப் பேசுதல் நேர்மையாகாது.

அதே ஆண்டில் சமூக ஊடகக் கணக்குகளுடன் ஆதார் எண்ணை இணைக்க வேண்டும் என்னும் கோரிக்கையுடன் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. ஆதார் இணைப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும், வழக்கு அவதூறும் வதந்தியும் பரப்புவோரைக் கண்டறிவது எவ்வாறு என்னும் வினாவாக விரிந்தது. சென்னை ஐஐடிப் பேராசிரியர் வீ. காமகோடி 2019இல் ஒரு வழிமுறையை முன்வைத்தார். முதலில் அனுப்பியவரின் அடையாளம் செய்தியோடு சேர்ந்து பயணிக்க வேண்டும். அது பெறுவோர் அனைவருக்கும் தெரியும்படியோ, நீதிமன்ற ஆணையின் பேரில் மட்டும் நிறுவனம் திறந்து காட்டும்படியோ அமையலாம் என்பது அதன் சாரம். மும்பை ஐஐடிப் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதனை மறுத்தார். திருத்தப்பட்ட செயலியைக் கொண்டு அவ்வடையாளத்தைப் போலியாக இட இயலும். எனவே குற்றவாளி தப்புவதோடு பிறர் மீது பழி விழவும் கூடும் என்பது மறுப்பின் மையம். 2019 அக்டோபரில் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது.

கணினி அறிவியலாளர் இருவருக்கிடையே நிகழ்ந்த இக்கருத்து மாறுபாட்டில், எம்முறை பாதுகாப்பானது என்பதே வினா. பாதுகாப்பை ஒருவர் வேண்ட, மற்றவர் அந்தரங்கத்தை வேண்டினார் என்று அதனைச் சுருக்க இயலாது. ஆயினும் பொதுவெளியில் அது அவ்வாறே சுருங்கிற்று.

ஒரு சொல்லின் சுமை

இச்சுருக்கத்திற்கு ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லே முதற்காரணம். இராணுவத்தைக் குறிக்கும் ‘பாதுகாப்பு அமைச்சகம்’, விபத்தைத் தவிர்க்கும் ‘சாலைப் பாதுகாப்பு’, தாக்குதலைத் தடுக்கும் ‘கணினிப் பாதுகாப்பு’, சட்டக் காப்பான ‘தரவுப் பாதுகாப்பு’ ஆகிய அனைத்தையும் இவ்வொரு சொல்லே சுமக்கிறது. அடைமொழி இன்றி வரும்போது இவற்றுள் அரசு சார்ந்த பொருளே முந்துகிறது. ‘காவல்’ என்னும் பழஞ்சொல் காவல்துறைக்கு உரியதாகிவிட்டமையும் இங்குக் கருதத்தக்கது. மறையாக்கம் என்பது வங்கிப் பரிமாற்றம் முதல் மருத்துவக் குறிப்பு வரை அனைத்தையும் திருடர்களிடமிருந்து காப்பது. அதுவே கணினிப் பாதுகாப்பின் முதன்மைக் கருவிகளுள் ஒன்று. ஆனால் செய்தி நடையில் அது பாதுகாப்புக்கு எதிர்த்தட்டில் சென்று அமர்கிறது.

எதிர்த்தட்டில் உள்ள சொல்லும் நடுநிலையானதன்று. ‘அந்தரங்கம்’ ஒரு காலத்தில் கண்ணியமான விரிவுடையதாக வழங்கியது. ஜெயகாந்தன் தம் சிறுகதையொன்றுக்கு ‘அந்தரங்கம் புனிதமானது’ எனத் தலைப்பிட்டபோது, குடும்பத்திற்குள்ளும் ஒருவருக்கு உரிய எல்லை உண்டு என்னும் கருத்தை அச்சொல் இயல்பாகத் தாங்கியது. வார இதழ்களின் பாலியல் ஐயங்களுக்கான பகுதிகள் பின்னர் அச்சொல்லைப் படுக்கையறைக்குள் ஒடுக்கிவிட்டன. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் ஒருமனதாக வழங்கிய தீர்ப்பு இவ்வுரிமையை அடிப்படை உரிமையாக அறிவித்தது. நீதிபதி நாரிமன் தம் தீர்ப்புரையில் உடல், தகவல், தேர்வு என அதன் மூன்று கூறுகளைப் பிரித்துக் காட்டினார். ‘அந்தரங்கம்’ முதற்கூறுக்கு முழுதும் பொருந்துகிறது. தகவல் என்னும் கூறுக்கு வரும்போது தளர்கிறது. ஒருவரது அலைபேசி எண்ணோ அவர் நேற்று இரவு யாரோடு பேசினார் என்பதோ அந்தரங்கம் என்று சொல்லப்பட்டால் எளிய வாசகர் வியக்கவே செய்வார்.

மாற்றாக வழங்கும் ‘தனியுரிமை’ இக்குறையைக் களைகிறது. வேறொரு குறையைக் கொணர்கிறது. ஒரு நிறுவனத்திற்கே உரிய மென்பொருளைத் ‘தனியுரிம மென்பொருள்’ என்று கணித்தமிழ் வழங்குகிறது. பயனரின் தரவைத் திரட்டும் செயலியும் தனியுரிமமாகவும் அதனிடமிருந்து பயனர் வேண்டுவதும் தனியுரிமையாகவும் ஆகும்போது, ஏறத்தாழ ஒரே சொல் எதிரெதிரான இருவர் கையிலும் இருக்கிறது. எனினும் இரண்டினுள் ‘தனியுரிமை’யே ஏற்கத்தக்கது. அது ‘உரிமை’ என்னும் சொல்லைத் தன்னுள் கொண்டுள்ளது. ‘மறைக்க ஒன்றுமில்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?’ என்னும் வாதம் அதன் முன் அத்துணை எளிதாக எழாது.

குறியாக்கமும் மறையாக்கமும்

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் அனைத்துப் பயனர்களுக்கும் கொண்டுவந்த முறையில், அனுப்புநரின் கருவியில் பூட்டப்படும் செய்தி பெறுநரின் கருவியில் மட்டுமே திறக்கப்படும். இடையில் உள்ள நிறுவனமும் அதனைப் படிக்க இயலாது. இதனைக் ‘குறியாக்கம்’ என எழுதுவோர் உளர். இது களையப்பட வேண்டிய வழக்கு. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்கு எண்கள் தரப்பட்டிருப்பதும் குறியாக்கமே. அங்கு நோக்கம், எந்தக் கணினியும் அதனைப் படிக்க வேண்டும் என்பது. மறையாக்கத்தின் நோக்கம் நேர்மாறானது. குறியாக்கத்திற்கு வேண்டுவது பொது உடன்பாடு. மறையாக்கத்திற்கு வேண்டுவது இரகசியமான திறப்பு. இரண்டையும் ஒரு சொல்லால் குறிக்கும்போது, உரிய அதிகாரியிடம் ஓர் அட்டவணையைக் கொடுத்தால் போதும், செய்தி விளங்கிவிடும் என்னும் மயக்கம் பிறக்கிறது.

‘திறவுகோல்’ என்னும் சொல்லிலும் இத்தகைய சிக்கல் உண்டு. டிஃபியும் ஹெல்மனும் 1976இல் வெளியிட்ட கருத்தின் புதுமை, பூட்டுவதற்கு ஒன்றும் திறப்பதற்கு மற்றொன்றும் என இரண்டைப் பிரித்ததில் உள்ளது. செய்தியைப் பூட்டப் பயன்படும் பொதுவான எண்ணால் அதனைத் திறக்க இயலாது. அதனைப் ‘பொதுத் திறவுகோல்’ என்று பெயர்த்தால், திறக்காத ஒன்று திறவுகோலாகிவிடுகிறது. பொதுவில் கிடப்பதை வைத்து எவரும் திறக்கலாம் போலும் என்னும் பொருளும் எழுகிறது. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த ‘சாவி’ இங்குப் பழுதின்றிப் பொருந்தும்; பூட்டுவதும் திறப்பதும் சாவியின் தொழிலே. கலைச்சொல் ஆக்கத்தில் தூய்மை நாட்டம் துல்லியத்தை விலையாகக் கேட்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

முதல் அனுப்புநர் யார்?

2021 பிப்ரவரி 25 அன்று வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட செய்திப் பரிமாற்றத் தளங்கள், உரிய ஆணையின் பேரில் ஒரு தகவலை முதலில் தோற்றுவித்தவரை அடையாளம் காண வழிசெய்ய வேண்டும் என்கின்றன. செய்தியின் உள்ளடக்கத்தை வெளிப்படுத்தத் தேவையில்லை என்றும் அவ்விதி கூறுகிறது. தோற்றுவித்தவர் வெளிநாட்டில் இருப்பின், இந்தியாவுக்குள் அதனை முதலில் அனுப்பியவரே தோற்றுவித்தவராகக் கொள்ளப்படுவார். வாட்ஸ்அப் இவ்விதியை எதிர்த்து 2021 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

‘தோற்றுவித்தவர்’ என்பதும் ‘முதலில் அனுப்பியவர்’ என்பதும் வேறு வேறு. சுவடிப் பதிப்பில் பழகியோர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. கிடைத்தவற்றுள் மிகப் பழைய ஏட்டை எழுதியவரை நூலாசிரியர் என்று எப்பதிப்பாசிரியரும் கொள்வதில்லை. வேறொரு தளத்தில் கண்ட படத்தைத் தம் உறவினருக்கு எச்சரிக்கையாக அனுப்பிய ஒருவர், வாட்ஸ்அப்பினுள் அதன் முதல் அனுப்புநராகலாம். வெளிநாட்டுச் செய்தியைப் பொறுத்தவரை விதியே ஏடு பெயர்த்தவரை நூலாசிரியராக்கிவிடுகிறது. இதனைத் ‘தடமறிதல்’ என்று தமிழ் பெயர்த்ததில், காட்டில் காலடி பார்த்துச் செல்பவர் விலங்கை அடைவார் என்னும் உறுதி தொனிக்கிறது. அவ்வுறுதியைத் தொழில்நுட்பம் தரவில்லை.

2018இன் கொலைகளுக்குப் பின்னர் எடுக்கப்பட்ட மற்றொரு நடவடிக்கை தமிழ் விவாதங்களில் போதிய இடம் பெறவில்லை. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்திகளுக்கு அவ்வரம்பு ஓர் உரையாடலாகக் குறைந்தது. இவற்றுக்கு எப்பூட்டும் திறக்கப்படவில்லை. வதந்தியின் தீங்கு அதன் வேகத்தில் உள்ளது என்று கண்டு வேகத்தைக் குறைக்கும் இம்முறை வதந்தியை முற்றிலும் ஒழித்துவிடாது. எனினும் ‘பாதுகாப்பா, அந்தரங்கமா?’ என்னும் வினாவுக்குள் அடங்காத விடை ஒன்று உண்டு என்பதற்கு இது சான்று.

அம்பலும் அலரும்

மறையாக்கத்தை எல்லையற்ற அரணாகக் காட்டும் எதிர்த்தரப்பும் திறனாய்வுக்கு உரியதே. பூட்டப்படுவது செய்தி மட்டுமே. யார், யாருடன், எப்போது தொடர்பு கொண்டார் என்னும் குறிப்புகள் நிறுவனத்தின் பார்வையில் எஞ்சுகின்றன. கருவியே கைப்பற்றப்பட்டால் பூட்டும் பயனற்றது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியின் குறையைக் கொண்டு பெகாசஸ் உளவு மென்பொருள் ஏறத்தாழ 1,400 கருவிகளைக் குறிவைத்ததும், அதற்காக அந்நிறுவனம் என்எஸ்ஓ மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்ததும் இதனை மெய்ப்பித்தன.

தொடர்புக் குறிப்புக்கும் செய்திக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் பழைய வழியொன்று உண்டு. தொல்காப்பியக் களவியல் அம்பலையும் அலரையும் களவை வெளிப்படுத்துவனவாக இணைத்துக் கூறுகிறது. இறையனார் களவியலுரை இரண்டையும் பிரித்து, சொல்லாகப் பிறவாமல் அரும்பிய நிலையை அம்பல் எனவும் சொல்லாக வெளிப்பட்ட நிலையை அலர் எனவும் விளக்குகிறது. தலைவனும் தலைவியும் பேசியது எது என்பதை அறியாமலேயே வரவையும் பொழுதையும் கொண்டு ஊர் உய்த்துணர்கிறது. தொடர்புக் குறிப்புகளைக் கொண்டு நிறுவனங்கள் செய்வதும் அதுவே. அகப்பாடல்களில் தலைவி அம்பலுக்கும் அஞ்சுகிறாள். உள்ளடக்கம் கேட்கப்படவில்லை, எனவே இழப்பில்லை என்னும் 2021 விதியின் ஆறுதலை அவள் ஏற்றிருக்கமாட்டாள்.

இவ்வொப்புமையை மிக நீட்டுதல் தகாது. அலர் தூற்றும் பெண்டிர் தலைவிக்கு அறிமுகமானவர்கள். அவர்கள் சொல் வரைவை விரைவுபடுத்தவும் செய்தது. தரவுத்தளங்களில் சேரும் குறிப்புகளை யார் வைத்துள்ளார் என்பதையே பயனர் அறியார். ஆயினும் கணித்தமிழ் அகராதிகளில் ‘தரவு பற்றிய தரவு’ என்னும் விளக்கமாக மட்டும் நிற்கும் ஒன்றுக்கு, அது ஏன் காக்கப்பட வேண்டியது என்பதையும் சேர்த்து உணர்த்தும் பெயராக ‘அம்பல்’ கருதிப் பார்க்கத்தக்கது.