சாவி யார் கையில்?

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கினேன். தனியாளாக ஒருவர் எழுதி விற்றது. ஒருமுறை பணம் கட்டினால் ஆயுளுக்கும் உங்களுடையது என்று போட்டிருந்தார். போன வருடம் கம்ப்யூட்டரை மாற்றினேன். புது மெஷினில் பழைய சீரியல் நம்பரைத் தட்டினால், சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. எழுதியவருக்கு மெயில் போட்டேன். பாவம், அன்றைக்கே பதில் வந்தது. பணம் வாங்கவும் நம்பரைச் சரிபார்க்கவும் அவர் நம்பியிருந்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டதாம். "என் கஸ்டமர் லிஸ்ட்டே என்கிட்ட இல்லை சார்!"

அப்போதுதான் உறைத்தது. ஆயுள் என்று சொன்னது என் ஆயுளும் இல்லை, அவர் ஆயுளும் இல்லை. நடுவே இருந்த மூன்றாவது ஆசாமியின் ஆயுள்!

டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதும் தனி ஆளுக்கு மூன்று தலைவலிகள். பணம் வாங்கவேண்டும், வரி கட்டவேண்டும், வாங்கியவருக்கு லைசென்ஸ் நம்பர் கொடுத்து அதைச் சரிபார்க்கவும் வேண்டும். இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வருகிறவர்கள்தான் இந்த லைசென்ஸ் சேவைக்காரர்கள்.

பி.காம். படித்தவன் என்பதால் முதலில் வரிக்குத்தான் என் கண் போனது. 2015 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய யூனியனில் தனிநபருக்கு சாஃப்ட்வேர் விற்றால் வாங்குபவரின் நாட்டு வரி. ஜெர்மனிக்காரருக்கு 19 சதவீதம், ஹங்கேரிக்காரருக்கு 27. தனியாள் இதை எங்கே போய்க் கட்டுவார்? அதனால் 'மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்ட்' என்று ஒரு ஏற்பாடு. சட்டப்படி, விற்பவர் அந்தக் கம்பெனி. பில்லில் அவர்கள் பெயர், வரியும் அவர்கள் பொறுப்பு. பாடில் இதற்கு 5 சதவீதமும் 50 சென்ட்டும் கேட்கிறது. கம்ரோடு 10 சதவீதமும் 50 சென்ட்டும். 20 டாலர் சாஃப்ட்வேருக்குக் கணக்குப் போடுங்கள்: ஒன்றரை டாலர், இரண்டரை டாலர். இருபத்தேழு நாட்டு வரிக் கணக்கை யோசித்தால் அநியாயம் என்று சொல்லமாட்டேன்.

என் புகார் வேறு. சேவையைத் தேடுகிறவர்கள் இந்த ஒரு டாலர் வித்தியாசத்தை மட்டும் ராத்திரி பகலாக ஒப்பிடுகிறார்கள். இந்தக் கம்பெனி போய்விட்டால் என்ன ஆகும் என்ற வரிசை அந்த ஒப்பீட்டு அட்டவணையில் இருப்பதே இல்லை.

போகுமா என்றால், போகும். அமெரிக்காவில் பெர்க்லியில் 1994-ல் தொடங்கிய காகி, ஷேர்வேர் எழுதுபவர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தது. (இன்று அதே பெயரில் ஒரு தேடுபொறி இருக்கிறது, அது வேறு.) 2016 ஜூலை 31-ல் மூடியது. வரவேண்டிய பணம் பலருக்கு வரவில்லை. சரி, சின்ன கம்பெனி என்கிறீர்களா? டிஜிட்டல் ரிவர் பெரிய கம்பெனி. அதன் மைகாமர்ஸ் மூலம் விற்றவர்கள் 2024-ல் மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருந்தார்கள். 2025 தொடக்கத்தில் டிஜிட்டல் ரிவரே மூட்டை கட்டியது. மூடாவிட்டாலும் கை மாறலாம். லெமன் ஸ்க்வீஸியை 2024-ல் ஸ்ட்ரைப் வாங்கிவிட்டது.

பணம் போனால் நஷ்டம் எழுதியவருக்கு. ஆனால் பூட்டும் அதே கம்பெனியின் சர்வரில் தொங்கினால், முழுப் பணம் கொடுத்து வாங்கிய நானும் தெருவில் நிற்கிறேன்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தாசில்தார் சான்றிதழை யோசித்துப் பாருங்கள். கையெழுத்துப் போட அவரால்தான் முடியும். அது அவர் கையெழுத்துதானா என்று பார்க்க, மாதிரியைக் கையில் வைத்திருக்கும் எவராலும் முடியும். லைசென்ஸும் அப்படியே. கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி எழுதியவரிடம். சரிபார்க்கும் சாவி சாஃப்ட்வேருக்குள்ளேயே. இன்டர்நெட் வேண்டாம், சர்வர் வேண்டாம்.

நம்பரைப் பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டால்? கொடுக்கலாம்தான். கொடுத்த சான்றிதழை இந்த முறையில் ரத்து செய்வது கஷ்டம். அந்தக் கவலை இருந்தால் சர்வரிலும் ஒருமுறை சரிபார்க்கட்டும். ஆனால் சர்வர் பதில் சொல்லாவிட்டால் கதவு திறக்கவேண்டும், மூடக்கூடாது. சரிபார்ப்பதை மட்டும் தொழிலாக வைத்திருக்கும் கீஜென் போன்றவர்கள், சர்வரை நீங்களே நடத்திக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: வசூலையும் வரியையும் தாராளமாக அடுத்தவரிடம் கொடுங்கள். ரகசியச் சாவியை மட்டும் கொடுக்காதீர்கள். மாதாமாதம் கஸ்டமர் லிஸ்ட்டை இறக்கி வையுங்கள். அதை இறக்கவிடாத சேவை இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பூட்டே இல்லாத கடைசிப் பதிப்பு ஒன்றையும் தயாராக வையுங்கள். அடோபி, சிஎஸ்2-வின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைக் கொடுத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அது தேவைப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பில்லிங் ஆசாமி? மூன்று வாரம் கழித்துப் பூட்டில்லாத ஒரு பதிப்பை மெயிலில் அனுப்பினார். "உங்க மாதிரி மெயில் போட்டவங்களுக்குத்தான் கொடுக்க முடிஞ்சுது. மத்தவங்க யாருன்னே தெரியலை சார்."

அந்த மற்றவர்கள் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.